வாசல் கதவை யாருக்குத் திறப்பது?

"வீடு வாடகைக்கு விடப்படும்."

ஒரு வீட்டு வாசலில் இப்படி ஓர் அட்டை தொங்குகிறது. புருஷனும் மனைவியும் அதைப் பார்க்கிறார்கள். இடுப்பில் குழந்தை. காலையில் இருந்து நாலு தெரு சுற்றி வந்த களைப்பு. கதவைத் தட்டுகிறார்கள்.

வீட்டுக்கார அம்மாள் வருகிறார். வீட்டைத் திறந்து காட்டுகிறார். இரண்டு அறை. சமையல் அறை. குழாயில் தண்ணீர் வருகிறது. வாடகையும் கட்டுபடி ஆகிறது. இருவர் முகத்திலும் சிரிப்பு.

"உங்க பேரு என்ன தம்பி?"

அவர் பெயரைச் சொல்கிறார். அம்மாளின் முகம் மாறுகிறது.

"நீங்க என்ன ஆளுங்க? கறி, மீன் எல்லாம் சமைப்பீங்களா?"

அவர் உள்ளதைச் சொல்கிறார்.

"கோவிச்சுக்காதீங்க தம்பி. எங்க வீட்டுக்காரரைக் கேட்டுட்டுத்தான் சொல்லணும்."

மறுநாள் போனால், "வேற ஆளுக்குப் பேசி முடிச்சாச்சு" என்று பதில் வருகிறது. ஆனால், அட்டை மட்டும் அப்படியே தொங்குகிறது!

இது எந்த ஊர் என்று கேட்க வேண்டாம். எந்த ஊரிலும் நடக்கிறது. சாதி, மதம், சாப்பாடு இவற்றைக் கேட்டு வீடு மறுப்பது நாம் அனைவரும் அறிந்த விஷயம்.

வீடு அவருடையது. அதை யாருக்குக் கொடுப்பது என்பது அவர் இஷ்டம் அல்லவா?

எல்லாரும் சமம் என்று சட்டம் சொல்கிறதே! அப்படி இருக்க, பெயரைக் கேட்டு விரட்டலாமா?

இரண்டும் நியாயமான கேள்விகள்தான். பெரிய பெரிய நீதிபதிகளே இதற்குப் பதில் தேடி இருக்கிறார்கள். அந்தக் கதையைப் பார்ப்போம்.

இரு பக்கமும் நியாயம்

முதலில் வீட்டுக்காரர் பக்கம் நின்று பார்ப்போம்.

வயிற்றைக் கட்டி, வாயைக் கட்டி அவர் வீடு கட்டினார். கீழே அவர் குடியிருக்கிறார். மாடியை வாடகைக்கு விடுகிறார். ஒரே படிக்கட்டு. ஒரே கிணறு. மாடியில் மீன் குழம்பு கொதித்தால் கீழே பூசை அறை வரை வாசனை வரும். தன் வழக்கப்படி தன் வீட்டில் வாழ அவருக்கு ஆசை. அதைத் தவறு என்று சொல்ல முடியுமா?

இனி, வீடு தேடுகிறவர் பக்கம் வருவோம்.

அவர் ஓசியில் கேட்கவில்லை. முன்பணம் தருகிறார். மாதா மாதம் வாடகை தருகிறார். ஒரு வீட்டில் மறுத்தால் அடுத்த வீட்டுக்குப் போவார். அந்தத் தெருவில் எல்லா வீட்டிலும் மறுத்தால்? அந்தப் பேட்டையிலேயே மறுத்தால்? அவர் எங்கே போவார்? குழந்தை எந்தப் பள்ளிக்கூடத்தில் படிக்கும்?

ஒரு கதவு மூடினால் அது ஒருவரின் விருப்பம். எல்லாக் கதவும் மூடினால் அது மதில் சுவர்.

கடையில் மறுக்கக் கூடாது

நம் அரசியல் சட்டம் 1950-ல் அமலுக்கு வந்தது. அதன் 15-வது பிரிவைப் படித்தால் ஒரு பட்டியல் இருக்கிறது. கடை, ஓட்டல், பொழுதுபோக்கு இடம், கிணறு, குளம், படித்துறை, சாலை. இவற்றில் நுழையவோ, இவற்றைப் பயன்படுத்தவோ மதம், இனம், சாதி, ஆண்-பெண் வேற்றுமை, பிறந்த இடம் இவற்றைக் காட்டி ஒருவரைத் தடுக்கக் கூடாது. கிணறு, குளம், சாலை போன்றவை சர்க்கார் பணத்தில் நடப்பவையாகவோ, பொதுமக்களுக்கு என்று விடப்பட்டவையாகவோ இருக்க வேண்டும்.

இதில் ஒரு விசேஷம் உண்டு. சட்டத்தின் சமத்துவப் பிரிவுகள் பெரும்பாலும் சர்க்காரைக் கட்டுப்படுத்துபவை. இந்தப் பட்டியலோ தனி மனிதரையும் கட்டுப்படுத்துகிறது. கடை முதலாளி தன் சொந்தப் பணத்தில் கடை வைத்திருக்கலாம். கட்டடம் அவருடையதாக இருக்கலாம். ஆனாலும், "உன் சாதிக்கு இங்கே சாமான் இல்லை" என்று அவர் சொல்ல முடியாது.

சொத்து உரிமைக்கு அப்போதே ஓர் எல்லைக் கோடு போட்டுவிட்டார்கள்.

1948 நவம்பர் 29-ந் தேதி அரசியல் நிர்ணய சபையில் இந்தப் பிரிவு விவாதத்துக்கு வந்தது. "கடை" என்ற சொல்லுக்கு டாக்டர் அம்பேத்கர் விளக்கம் கொடுத்தார். கடைக்குள் நுழைவது மட்டும் அதன் பொருள் அல்ல. பேசிய கூலிக்கு வேலை செய்து கொடுக்கும் தொழிலும் அதில் அடங்கும் என்பது அவர் விளக்கம்.

2011-ல் சுப்ரீம் கோர்ட்டு இந்த விளக்கத்தை எடுத்துக்கொண்டது. பொதுமக்களுக்குச் சேவை அளிக்கும் தனியார் கல்வி நிலையத்தையும் அந்தப் பட்டியலில் சேர்த்துப் பார்க்கலாம் என்று சொன்னது.

ஆனால், அந்த வழக்கு வாடகை வீட்டைப் பற்றியது அல்ல. பட்டியலில் "வீடு" என்ற சொல்லும் இல்லை.

தீண்டாமைக்கு இடம் இல்லை

ஒரு விஷயத்தில் மட்டும் சட்டம் சந்தேகத்துக்கு இடம் வைக்கவில்லை. அது தீண்டாமை.

17-வது பிரிவு தீண்டாமையை ஒழித்தது. அதற்காக 1955-ல் ஒரு சட்டம் செய்தார்கள். குடிமை உரிமைப் பாதுகாப்புச் சட்டம் என்று இப்போது அதற்குப் பெயர். எந்த இடத்திலும் வீடு கட்டவோ, வாங்கவோ, குடியிருக்கவோ ஒருவரைத் தீண்டாமை காரணமாகத் தடுத்தால் அது குற்றம். ஒரு மாதத்துக்குக் குறையாமல் ஆறு மாதம் வரை ஜெயில். அபராதமும் உண்டு.

ஆகவே, "வீடு என்னுடையது, என் இஷ்டம்" என்ற பேச்சு இங்கே செல்லாது.

சட்டம் இருந்தும் ஏன் நடக்கிறது? யாரும் உண்மைக் காரணத்தைச் சொல்வது இல்லை! "வேற ஆளுக்குப் பேசியாச்சு" என்பார்கள். அதற்குச் சாட்சி ஏது? அட்டை ஒன்றுதான் சாட்சி. அட்டைக்கு வாய் இல்லை.

மதத்தையோ, சாப்பாட்டையோ காட்டி ஒரு தனி மனிதர் வீடு மறுத்தால்? அங்கேதான் சிக்கல். குஜராத்தில் நடந்த ஒரு வழக்கு இந்தச் சிக்கலைச் சுப்ரீம் கோர்ட்டு வரை கொண்டு போனது.

ஆமதாபாத் வழக்கு

பார்சிகளை நமக்குத் தெரியும். தாதாபாய் நௌரோஜி பார்சி. ஜாம்ஷெட்ஜி டாட்டா பார்சி. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு ஈரானில் இருந்து குஜராத் கரைக்கு வந்தவர்கள். நெருப்பைப் புனிதமாகப் போற்றுகிறவர்கள். மிகச் சிறிய சமூகம். 2001 மக்கள் கணக்கில் 69,601 பேர் இருந்தார்கள். 2011-ல் 57,264 பேர். ஆண்டுக்கு ஆண்டு குறைந்துகொண்டே போகிறார்கள்.

ஆமதாபாத்தில் அவர்கள் 1926-ல் ஒரு கூட்டுறவு வீடு கட்டும் சங்கம் வைத்தார்கள். பார்சிகள்தான் அதில் உறுப்பினர் ஆகலாம் என்பது சங்க விதி.

பல ஆண்டுகள் கழித்து ஓர் உறுப்பினர் தன் பங்களாவை இடித்துவிட்டு அடுக்கு வீடு கட்டி விற்க விரும்பினார். வெளியாருக்கு விற்றால் நல்ல விலை கிடைக்கும். கட்டடம் கட்டி விற்பவர்களுடன் பேசினார். சங்கம் தடுத்தது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். விற்க விரும்பியவரும் சங்கத்து உறுப்பினர்தான்! "என் சொத்து, யாருக்கும் விற்பேன்" என்பது அவர் கட்சி. "நாம் சேர்ந்து வாழவே இந்த இடத்தை அமைத்தோம், வெளியார் வேண்டாம்" என்பது சங்கத்தின் கட்சி. இரண்டு பேரும் சொத்து உரிமையைத்தான் பேசினார்கள்.

குஜராத் ஐகோர்ட்டு உறுப்பினர் பக்கம் தீர்ப்பு சொன்னது. சொத்தை விற்க இப்படித் தடை போடக் கூடாது என்றது.

சங்கம் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனது. 2005 ஏப்ரல் 15-ந் தேதி நீதிபதிகள் ஸ்ரீகிருஷ்ணா, பாலசுப்ரமணியன் இருவரும் தீர்ப்பு அளித்தார்கள். சங்கம் வென்றது!

காரணம் என்ன?

சங்கம் சர்க்கார் அல்ல. தனி மனிதர்கள் கூடி வைத்தது. கூடி வாழச் சங்கம் வைக்க அரசியல் சட்டமே உரிமை கொடுக்கிறது. விதியைத் தெரிந்துதான் ஒருவர் உறுப்பினர் ஆகிறார். சேரும்போது ஏற்றுக்கொண்ட விதியை, லாபம் வரும்போது உதற முடியாது. இந்த மாதிரி.

ஆனால், நீதிபதிகள் இன்னொன்றும் சொன்னார்கள். மதச்சார்பற்ற நாட்டில் ஒரு மதத்துக்கு மட்டும் என்று சங்கம் வைப்பது பின்னோக்கிப் போவதாக இருக்கலாம். அதை மாற்ற வேண்டுமானால் சட்டசபை சட்டம் செய்யட்டும். சட்டம் இல்லாதபோது கோர்ட்டாகப் புதிய விதியை உண்டாக்க முடியாது என்றார்கள்.

அதாவது, பந்தைச் சட்டசபையின் பக்கம் தள்ளிவிட்டார்கள்.

அமெரிக்காவில் ஒரு குடும்பம்

இதே மாதிரிக் கதை அமெரிக்காவில் முன்பே நடந்தது. முடிவு மட்டும் நேர் எதிர்.

செயின்ட் லூயிஸ் என்பது மிசௌரி மாநிலத்தில் ஒரு நகரம். அங்கே 1911-ல் ஒரு தெருவின் வீட்டுக்காரர்கள் ஒப்பந்தம் எழுதினார்கள். 39 பேரில் 30 பேர் கையெழுத்துப் போட்டார்கள். 50 ஆண்டுகளுக்குக் கறுப்பு இனத்தாரும் மங்கோலிய இனத்தாரும் அங்கே குடியிருக்கக் கூடாது என்பது ஒப்பந்தம்.

1945-ல் ஷெல்லி என்ற கறுப்பு இனக் குடும்பம் அந்தத் தெருவில் ஒரு வீட்டை வாங்கியது. ஆறு குழந்தைகள் உள்ள குடும்பம். பழைய ஒப்பந்தம் பற்றி அவர்களுக்குத் தெரியாது. விற்றவர் மனமுவந்து விற்றார். வாங்கியவர் பணம் கொடுத்து வாங்கினார்.

அக்கம்பக்கத்தார் கோர்ட்டுக்குப் போனார்கள். "அவர்களை வெளியேற்றுங்கள்" என்று கேட்டார்கள். மாநிலத்தின் பெரிய கோர்ட்டும் அதற்குச் சம்மதித்தது.

1948 மே 3-ந் தேதி அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பு சொன்னது. ஷெல்லி குடும்பம் வீட்டிலேயே இருக்கலாம்!

அந்தத் தீர்ப்பு நுட்பமானது. தனி மனிதர்கள் தங்களுக்குள் ஒப்பந்தம் எழுதிக்கொள்ளட்டும். தாங்களாக அதன்படி நடக்கட்டும். ஆனால், "ஒப்பந்தப்படி இவர்களை வெளியே தள்ளு" என்று கோர்ட்டைக் கேட்கக் கூடாது. கோர்ட்டு என்பது சர்க்காரின் கை. சர்க்காரின் கை நிறம் பார்த்து வேலை செய்யலாமா? கூடாது என்றது தீர்ப்பு.

20 ஆண்டுகள் கழித்து 1968-ல் அங்கே வீட்டு வசதிச் சட்டமே வந்தது. ஏப்ரல் 4-ந் தேதி மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்டார். ஒரு வாரத்தில், 11-ந் தேதி, ஜனாதிபதி ஜான்சன் அந்தச் சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். இனம், நிறம், மதம், பிறந்த நாடு இவற்றைப் பார்த்து வீடு மறுக்கக் கூடாது என்றது சட்டம்.

அதிலும் ஒரு சின்ன விலக்கு வைத்தார்கள். நாலு குடித்தனம் வரை உள்ள கட்டடத்தில் சொந்தக்காரரே குடியிருந்தால் அவரை அந்தச் சட்டம் கட்டாயப்படுத்தாது. ஆனால், "இன்னாருக்கு இல்லை" என்று அவரும் விளம்பரம் போடக் கூடாது. நிற வேற்றுமைக்கு இந்த விலக்கும் உதவாது. 1866-ல் செய்த பழைய சட்டம் ஒன்று அதை அடியோடு தடுக்கிறது என்று அதே 1968-ல் சுப்ரீம் கோர்ட்டு சொல்லிவிட்டது.

இரண்டு வழக்கும் ஒன்றா?

ஆமதாபாத்தில் விற்பவர் தயார், ஒப்பந்தம் தடுத்தது. செயின்ட் லூயிசிலும் விற்பவர் தயார், ஒப்பந்தம் தடுத்தது. பிறகு ஏன் தீர்ப்பு வேறு?

ஆமதாபாத் உறுப்பினர் விதியை ஏற்றுச் சங்கத்தில் சேர்ந்தவர். ஷெல்லி குடும்பம் எந்த ஒப்பந்தத்திலும் கையெழுத்துப் போடவில்லை.

இன்னொரு வேற்றுமையும் உண்டு. பார்சிகள் ஒரு சிலர். கரைந்து போவோமோ என்று அஞ்சி ஒன்றாய்க் கூடியவர்கள். அமெரிக்காவில் பெரும்பான்மையினர் தெருத் தெருவாகக் கதவை அடைத்தார்கள். சிறுபான்மையினர் வேலி போடுவது ஒன்று. பெரும்பான்மையினர் ஊரைச் சுற்றி மதில் எழுப்புவது வேறு.

ஆனாலும், ஆமதாபாத் தீர்ப்பில் ஓர் ஆபத்து இருக்கிறது. ஒரு சின்ன சமூகத்துக்குக் கிடைத்த உரிமையைப் பெரிய சமூகமும் கேட்டால் என்ன செய்வது? இந்தக் காலனி இந்த மதத்துக்கு, அந்தக் காலனி அந்தச் சாதிக்கு என்று எழுதிக்கொண்டே போனால், நகரத்தில் பொது இடம் எங்கே மிஞ்சும்?

மாடியில் ஒரு பந்தல்

வீட்டுக்குள் வந்த பிறகும் சண்டை வரலாம். கனடாவில் மாண்ட்ரீல் நகரில் ஓர் அடுக்கு வீடு. மாடி முகப்பில் எதுவும் கட்டக் கூடாது என்பது அங்கே விதி. அங்கே குடியிருந்த யூதர்கள் சிலர், தங்கள் பண்டிகைக்கு மாடி முகப்பில் தழைப் பந்தல் போட்டார்கள். அந்தச் சில நாட்கள் பந்தலில் தங்குவது அவர்கள் மத வழக்கம்.

"கட்டடத்தின் அழகு கெடுகிறது. தோட்டத்தில் எல்லாருக்கும் பொதுவாக ஒரு பந்தல் போட்டுக்கொள்ளுங்கள்" என்றது வீட்டுக்காரர்களின் சங்கம். "அவரவர் வீட்டில் போடுவதுதான் எங்கள் வழக்கம்" என்றார்கள் யூதர்கள்.

2004-ல் கனடா சுப்ரீம் கோர்ட்டு யூதர்களுக்குச் சாதகமாகச் சொன்னது. 9 நீதிபதிகளில் 5 பேர் ஒரு பக்கம், 4 பேர் மறு பக்கம். ஆபத்து நேரத்தில் வெளியேறும் வழியை அடைக்க மாட்டோம் என்று யூதர்கள் முன்பே ஒப்புக்கொண்டு இருந்தார்கள். சில நாள் பந்தலால் மற்றவர்களுக்கு ஏற்படும் கஷ்டம் சிறிது. தடுத்தால் அவர்கள் மதத்துக்கு ஏற்படும் கஷ்டம் பெரிது. தராசு அந்தப் பக்கம் சாய்ந்தது.

கோடு எங்கே?

இந்த வழக்குகளை எல்லாம் ஒன்றாக வைத்துப் பார்த்தால் ஒரு வழி தெரிகிறது.

அடுப்படிக்கு எவ்வளவு பக்கமோ, அவ்வளவுக்கு வீட்டுக்காரர் உரிமை பெரிது. தெருவுக்கு எவ்வளவு பக்கமோ, அவ்வளவுக்குச் சமத்துவம் பெரிது.

தான் குடியிருக்கும் வீட்டில் ஓர் அறையைக் கொடுப்பவர், தன் பழக்கவழக்கத்துக்கு ஒத்து வருமா என்று பார்க்கலாம். பத்து வீடு கட்டி வாடகைக்கு விடுகிறவர் அப்படி அல்ல. அவர் செய்வது வியாபாரம். அட்டையைத் தெருவில் தொங்கவிட்டு எல்லாரையும் கூப்பிடுகிறார். கடைக்காரருக்கு உள்ள கடமை அவருக்கும் இருக்க வேண்டும் என்பதுதானே நியாயம்? நூறு வீட்டுக் காலனியோ ஒரு சின்ன ஊர். ஊருக்குள் மதில் எழுப்ப யாருக்கும் உரிமை இருக்கக் கூடாது.

நடத்தைக்கு நிபந்தனை போடலாம். இரவு பத்து மணிக்கு மேல் சத்தம் கூடாது. குப்பையைக் கண்ட இடத்தில் கொட்டக் கூடாது. வாடகை தேதிக்கு வர வேண்டும். இவை எல்லாருக்கும் பொதுவானவை. பிறப்புக்கு நிபந்தனை போடக் கூடாது. நடத்தையை மாற்றிக்கொள்ளலாம். பிறந்த குலத்தை யாரால் மாற்ற முடியும்?

நம் மாநிலத்தில் வீட்டுச் சொந்தக்காரர், வாடகைதாரர் இருவருக்கும் புதிய சட்டம் 2017-ல் செய்யப்பட்டு 2019-ல் அமலுக்கு வந்தது. வாடகை ஒப்பந்தத்தை எழுதிப் பதிவு செய்ய வேண்டும் என்கிறது. முன்பணம், காலி செய்தல் எல்லாம் அதில் உண்டு. ஆனால், அது வீட்டுக்குள் வந்தவரைப் பற்றிய சட்டம். வாசலில் நிற்பவரைப் பற்றி அதில் இல்லை.

வாசலில் நிற்பவருக்கும் ஒரு சட்டம் வேண்டும். சட்டசபை செய்யட்டும் என்று சுப்ரீம் கோர்ட்டு 2005-லேயே சொல்லிவிட்டது.

அதுவரை நாம் செய்யக்கூடியது ஒன்று உண்டு. அது சட்டப் புத்தகத்தில் இல்லை; நம் கையில் இருக்கிறது.

அந்தப் புருஷனும் மனைவியும் இன்றைக்கும் எங்கோ ஒரு தெருவில் வீடு தேடிக்கொண்டு இருப்பார்கள். நாளைக்கு நம் வாசலுக்கும் வரலாம். நம் பிள்ளையும் பிழைப்புக்காக வேறு ஊருக்குப் போய், மொழி தெரியாத தெருவில், இதே போல் ஓர் அட்டையைப் பார்த்துக் கதவைத் தட்டலாம்.

அந்தக் கதவைத் திறப்பவர் நம் பிள்ளையிடம் எந்தக் கேள்வியைக் கேட்க வேண்டும் என்று நாம் விரும்புகிறோமோ, அந்தக் கேள்வியை மட்டும் நம் வாசலில் நிற்பவரிடம் நாமும் கேட்போம்.